சி என்னும் விசைக்கு நான்கு எசமானர்கள்



பள்ளி விடுமுறையில் ஒரு நாள், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். பயிற்சி முடித்து முதன்முதலில் நான் வேலைக்குச் சேர்ந்த தமிழ்ப்பள்ளியில், நாள் பாடத்திட்டம் எழுதுவது எப்படி என்று எனக்குக் கைபிடித்துக் காட்டியவர் அவர். முதுமையால் அவருடைய பார்வை இப்பொழுது மங்கிவிட்டது. திரையில் உள்ள எழுத்துகளைப் படிக்க இயலவில்லை. ஆனாலும் செய்தி கேட்கவும், வெளியூரில் உள்ள பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் அனுப்பவும் கணினியை விடாமல் பயன்படுத்தி வருகிறார்.

முந்தைய ஆண்டு சென்றிருந்தபோது, அவர் கணினியில் இருந்த குரல் உதவியாளரை விசைப்பலகையிலிருந்தே அழைக்கக் கற்றுக் கொடுத்திருந்தேன். எந்த இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்பதை ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழிதிக் கணினியின் அருகில் ஒட்டியும் வைத்தேன். அட்டையைப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு ஒரு வாரத்திலேயே இல்லாமற்போயிற்று. விரல்கள் வழியை மனப்பாடம் செய்துகொண்டன.

இம்முறை சென்றபோது அட்டை அங்கேயே இருந்தது, உதவியாளர்தான் வரவில்லை. அந்த விசைகளை அழுத்தினால் வேறு ஏதோ ஒரு சாளரம் திறந்தது.

"எனக்கு வயசாயிடுச்சு தம்பி. விரல் தப்பா விழுது போல. எத்தன தடவ அழுத்தினாலும் யாரோ வேற ஆளு வராங்க," என்றார்.

அவருடைய விரல் தவறவே இல்லை. இடையில் நிகழ்ந்த மென்பொருள் மேம்பாடு ஒன்று அந்த விசைகளின் வேலையை மாற்றிவிட்டிருந்தது. அவருடைய கணினி எது, அதில் பேசிய உதவியாளர் எது என்பன இங்கே முக்கியமல்ல. ஒரு நிறுவனத்திற்கு மட்டும் உரிய கதையன்று இது. முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஒருவர், தாம் செய்யாத தவற்றைத் தம் முதுமையின் மேல் சுமத்திக்கொண்டாரே, அதுதான் என்னை உறுத்தியது. வீடு திரும்பியதும் குறுக்குவிசைகளின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அதன் விளைவே இக்கட்டுரை.

எழுத்து கட்டளையான நாள்

குறுக்குவிசை என்பது, ஒரு துணை விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓர் எழுத்தைத் தட்டுவதன் மூலம் கணினிக்கு இடும் கட்டளை. இந்தப் பழக்கம் மேசைக் கணினியோடு பிறந்ததன்று. அதற்கு முன்பே தொலைத்தட்டச்சுப் பொறிகளில் இது வேரூன்றிவிட்டது.

1963இல் அமெரிக்காவில் 'ஆஸ்கி' என்னும் எழுத்துக் குறியீட்டுத் தரம் வெளியிடப்பட்டது. அதில் எழுத்துகளுக்கு மட்டுமின்றி, காகிதத்தில் அச்சாகாத சில கட்டளைகளுக்கும் எண்கள் தரப்பட்டன. தொலைத்தட்டச்சுப் பொறியில் இருந்த 'கண்ட்ரோல்' விசையை அழுத்திக்கொண்டு ஆங்கில எழுத்து ஒன்றைத் தட்டினால், அகரவரிசையில் அந்த எழுத்துக்குரிய எண்ணே கட்டளையாகச் செல்லும். 'ஜி' ஏழாம் எழுத்து. ஏழாம் கட்டளை மணி. ஆகவே கண்ட்ரோலுடன் ஜி-யைத் தட்டினால் மறுமுனையில் உள்ள பொறியில் உண்மையாகவே ஒரு மணி ஒலிக்கும். "செய்தி வருகிறது, கவனியுங்கள்" என்று அங்கிருக்கும் மனிதரை அழைப்பதற்கான மணி அது.

இன்று விசையை அழுத்தி இயந்திரத்தை அழைக்கிறோம். அன்று விசையை அழுத்தி மனிதரை அழைத்தார்கள்!

'சி' மூன்றாம் எழுத்து. மூன்றாம் கட்டளையின் பொருள் 'பனுவல் முடிந்தது' என்பது. பின்னாளில் வந்த கணினி அமைப்புகள் கண்ட்ரோல், சி ஆகிய இரண்டையும் 'ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்து' என்னும் பொருளில் எடுத்துக்கொண்டன. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டெழுதும் நிரலாளர்கள் இன்றும் அதே விசைகளால்தான் நிரலை நிறுத்துகிறார்கள். இந்தச் சி-யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் நாயகன் இவன்தான்.

நிலைத்து நின்ற நால்வர்

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பர்ட் ஒரு செயல்விளக்கம் அளித்தார். உலகம் சுட்டியை, அதாவது மவுசை, அறிந்துகொண்ட நிகழ்ச்சியாக அது பேசப்படுகிறது. அன்று அவருடைய வலக்கையில் சுட்டி இருந்தது. இடக்கையின் கீழ் ஐந்தே விசைகள் கொண்ட ஒரு சிறு பலகை இருந்தது. ஆர்மோனியத்தில் பல கட்டைகளைச் சேர்த்து அழுத்துவதுபோல், அவ்விசைகளைப் பலவாறு சேர்த்து அழுத்திக் கட்டளையிடலாம். சுட்டி உலகை வென்றது. ஐந்து விசைப் பலகை மறக்கப்பட்டது. பழகுவதற்குக் கடினமானது என்பது அதன் குறை. ஆனால், 'ஒரு கை சுட்டட்டும், மறு கை கட்டளையிடட்டும்' என்ற எண்ணம் மட்டும் வேறு வடிவில் பிழைத்துக்கொண்டது.

1970களின் நடுவில் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் லாரி டெஸ்லர், டிம் மாட் ஆகிய இருவரும் 'ஜிப்சி' என்னும் எழுத்துத் தொகுப்பியை உருவாக்கினர். வெட்டு, நகலெடு, ஒட்டு என்ற முறை அங்கேதான் உருப்பெற்றது. டெஸ்லர் பின்னர் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தார். 1983இல் வெளிவந்த 'லீசா' கணினியில், விசைப்பலகையின் இடக்கோடியில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் நான்கு எழுத்துகள் நான்கு வேலைகளை ஏற்றன. செய்ததை மீட்க இசட், வெட்ட எக்ஸ், நகலெடுக்க சி, ஒட்ட வி. எக்ஸ் அடித்தல் குறிபோல் இருக்கிறது. வி, விடுபட்ட சொல்லைச் செருக நாம் ஏட்டில் இடும் குறியைத் தலைகீழாக்கியதுபோல் இருக்கிறது. சி, நகலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்நால்வர் இடம் மாறவில்லை. ஏன்? போட்டி நிறுவனமும் அதே எழுத்துகளை ஏற்றுக்கொண்டது ஒரு காரணம். விண்டோஸ் தொடக்கத்தில் வேறு விசைகளைக் கொண்டிருந்தது. வெட்ட ஷிஃப்ட்டும் டெலிட்டும். நகலெடுக்கக் கண்ட்ரோலும் இன்செர்ட்டும். ஒட்ட ஷிஃப்ட்டும் இன்செர்ட்டும். 1990களின் தொடக்கத்தில் அது கண்ட்ரோலுடன் எக்ஸ், சி, வி ஆகியவற்றுக்கு மாறியது.

மாறிய விதத்தைக் கவனியுங்கள். புதிய வழியைத் திறந்தார்கள். பழைய வழியை அடைக்கவில்லை. ஷிஃப்ட்டையும் இன்செர்ட்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். விண்டோஸில் பெரும்பாலான இடங்களில் இன்றும் ஒட்டும்! பழைய வழியில் பழகிய விரல்களுக்கு அது காட்டிய மரியாதை. இந்த மரியாதைதான் பின்னாளில் குறைந்துபோனது.

குரல் வந்தது, விசையும் கூடவே வந்தது

இயந்திரத்தோடு பேச வேண்டும் என்ற கனவு பழையது. 1952இல் பெல் ஆய்வகத்தின் 'ஆட்ரி' என்னும் பொறி, ஒருவர் சொல்லும் எண்களை அறிந்துகொண்டது. 1962இல் சியாட்டில் உலகக் கண்காட்சியில் ஐபிஎம் நிறுவனம் காட்சிக்கு வைத்த 'ஷூபாக்ஸ்' பதினாறு சொற்களைப் புரிந்துகொண்டது. அவற்றுள் பத்து எண்கள். தொடர்ச்சியாகப் பேசுவதை எழுத்தாக்கும் 'டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங்' 1997இல் விற்பனைக்கு வந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். பேசினால் கேட்கும் இயந்திரத்திற்கு விசை எதற்கு?

வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் "கொஞ்சம் நிறுத்து" என்கிறார். யாரிடம் சொல்கிறார் என்பது முகம் பார்க்கும் மாணவனுக்குத் தெரியும். கணினிக்கு முகம் தெரியாது. அருகில் இருப்பவரிடம் சொன்னதா, தொலைபேசியில் சொன்னதா, தன்னிடம் சொன்னதா என்று அதனால் பிரித்தறிய இயலாது. அந்த ஐயத்தைத் தீர்ப்பதே விசை. காவலர்கள் பயன்படுத்தும் கம்பியில்லாப் பேசுகருவியில் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசுவதைப் போன்றதே இது.

ஆகவே, மெக் கணினிகளில் குரல் கட்டளை வந்தபோது, எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்தால் கணினி கேட்கும் என்று வைத்தார்கள். டிராகன் மென்பொருளில், எண் விசைகளின் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியைத் தட்டினால் ஒலிவாங்கி திறக்கும். மீண்டும் தட்டினால் மூடும். 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவின் பேச்சறிதலுக்குக் கண்ட்ரோலும் விண்டோஸ் விசையும் சேர்ந்து திறவுகோலாயின. ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதவை வைத்தனர். ஆயினும் பழகியவருக்குப் பழகிய கதவு இருந்தது.

ஒரு விசை, நான்கு பெயர்கள்

இனி நம் நாயகனிடம் வருவோம்.

1994இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'நேச்சுரல்' விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் பொறித்த ஒரு புதிய துணை விசை தோன்றியது. அதனோடு எழுத்துகளைச் சேர்த்து அழுத்தினால் பிறக்கும் கட்டளைகள் யாவும் இயங்குதளத்திற்கே உரியவை என்று அந்நிறுவனம் தன் நிரலாளர் கையேட்டில் எழுதி வைத்திருக்கிறது. வாடகை வீட்டில் பூட்டிய ஓர் அறையைப் போன்றது அது. வீட்டில் நாம்தான் வாழ்கிறோம். அந்த அறையில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்வார்.

விண்டோஸ் விசையுடன் சி-யை அழுத்தினால் என்ன நடந்தது என்று ஆண்டுவாரியாகப் பார்ப்போம்.

2012: விண்டோஸ் 8. திரையின் வலப்பக்கத்தில் 'சார்ம்ஸ்' என்ற பட்டை எழுந்தது. தேடல், பகிர்தல், தொடக்கம், கருவிகள், அமைப்புகள் என்று அதில் ஐந்து சின்னங்கள் இருந்தன.

2015: விண்டோஸ் 10. சார்ம்ஸ் பட்டை அகற்றப்பட்டது. அதே விசைகளை அழுத்தினால் 'கோர்ட்டானா' என்னும் குரல் உதவியாளர் காது கொடுத்தார். பின்னர் வந்த மேம்பாடுகளில், அமைப்புகளுக்குள் சென்று நாமே இயக்கினால்தான் அந்த விசைகள் வேலை செய்யும் என்ற நிலை ஏற்பட்டது.

2021: விண்டோஸ் 11. அதே விசைகள் 'சாட்' என்ற உரையாடல் சாளரத்தைத் திறந்தன. அங்கே காத்திருந்தது உதவியாளர் அல்லர். டீம்ஸ் வழியாக நண்பர்களோடு பேசும் வசதி.

2023: ஆகஸ்டு மாதம் விண்டோஸில் கோர்ட்டானா செயலிக்கு ஓய்வு தரப்பட்டது. செப்டம்பர் மாதம் 'கோப்பைலட்' அறிமுகமானது. அதை அழைக்கவும் அதே விசைகள்தாம்!

சார்ம்ஸ், கோர்ட்டானா, சாட், கோப்பைலட். தமிழில் எழுதும்போது இரண்டு சகரத்திலும் இரண்டு ககரத்திலும் தொடங்குகின்றன. ஆங்கிலத்தில் நான்குக்கும் முதலெழுத்து சி. ஓர் எழுத்துக்கு இரண்டு ஒலி என்பது ஆங்கிலத்தின் இயல்பு. ஒரு விசைக்குப் பதினோர் ஆண்டுகளில் நான்கு எசமானர்கள் என்பது வணிகத்தின் இயல்பு. பெயர் சி-யில் தொடங்கியதால் விசை கிடைத்தது. முன்பு அந்த விசையில் யார் இருந்தார், யாருடைய விரல் அவரைத் தேடி வரும் என்பது கணக்கில் வரவில்லை. இந்த முறை புதிய வழி திறந்தபோது பழைய வழியும் அடைபட்டது.

அதன் பின்னும் அமைப்புகள் மாறிக்கொண்டே வந்தன. 2024 ஜனவரி 4 அன்று, கோப்பைலட்டுக்கென்றே ஒரு தனி விசை வரப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் விண்டோஸ் விசைப்பலகையில் நிகழ்ந்த முதற்பெரும் மாற்றம் அது. அத்தனி விசையின் உள்ளே எட்டிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அதைத் தட்டும்போது, ஷிஃப்ட், விண்டோஸ், எஃப்23 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தியதாகவே கணினிக்குச் செய்தி போகிறது. எஃப்23 என்பது, எஃப்24 வரை விசைகள் இருந்த பழைய ஐபிஎம் முனையங்களின் எச்சம். இன்றைய விசைப்பலகைகளில் பெரும்பாலும் அது இல்லாததால் யாருடனும் மோதாது! ஆனால், பல மடிக்கணினிகளில் அந்தத் தனி விசைக்கு இடமளிக்க, வலப்பக்கக் கண்ட்ரோல் விசையோ பட்டி விசையோ விலக வேண்டியதாயிற்று. சுட்டியைப் பயன்படுத்த இயலாத பார்வையற்றோருக்கு அந்தப் பட்டி விசை வலச்சொடுக்குக்கு மாற்றாக இருந்தது.

இடைவெளி விசையின் பாடு

மைக்ரோசாஃப்டை மட்டும் சொல்வது நேர்மையாகாது. ஆப்பிளின் கதையைப் பார்ப்போம். அது நம்மைப் போல இரண்டு மூன்று மொழிகளில் எழுதுவோரை நேராகத் தொடுவது.

1990களின் மெக் கணினிகளில் கமாண்ட் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் விசைப்பலகையின் மொழி மாறும். ஆங்கிலத்திலிருந்து சப்பானியத்திற்கோ அரபுக்கோ போகும் வழி அதுதான். 2005இல் 'ஸ்பாட்லைட்' என்ற தேடல் வசதி வந்தபோது அவ்விரு விசைகளும் அதற்குத் தரப்பட்டன. ஒரே மொழியில் எழுதுவோர் எதையும் இழக்கவில்லை. பல மொழிகளில் எழுதுவோர் மட்டும் விரலுக்குப் புதுப் பாடம் கற்பிக்க வேண்டியிருந்தது. 2016இல் 'சிரி' மெக் கணினிக்கு வந்தது. இம்முறை பழைய வேலையைப் பிடுங்காமல், அதே விசைகளைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் சிரி வரும் என்று வைத்தார்கள். தட்டினால் தேடல், பிடித்தால் குரல். விரல் நடுங்கும் முதியவருக்குத் தட்டுவதற்கும் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு மெல்லியது என்பது தனிக்கேள்வி.

விண்டோஸில் ஆல்ட் விசையும் இடைவெளி விசையும் நெடுங்காலமாகச் சாளரத்தின் பட்டியைத் திறந்து வந்தன. சாளரத்தை நகர்த்த, சுருக்க, மூட அதுவே விசைப்பலகை வழி. 2020இல் 'பவர்டாய்ஸ் ரன்' என்ற கருவி அதை எடுத்துக்கொண்டது. 2024இல் சாட்ஜிபிடியின் விண்டோஸ் செயலி அதே விசைகளைக் கேட்டது. கோப்பைலட் செயலியும் அதையே கேட்டது. விண்டோஸைப் பொறுத்தவரை, ஒரு குறுக்குவிசையை ஒரு செயலி பதிவு செய்துகொண்டால், பிறகு அதைக் கேட்டு வரும் செயலியின் பதிவு தோல்வியடையும். முந்தியவருக்குத்தான் இடம், நம் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தைப் போல!

விசையா, அழைப்புச் சொல்லா?

"விசையே வேண்டாம்; பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வந்துவிடாதா?" என்று சிலர் கேட்கலாம். வரும். ஆனால், பெயரைக் கேட்க வேண்டுமானால் ஒலிவாங்கி எப்பொழுதும் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அப்பெயரைப் போல ஒலிக்கும் வேறு சொல் காதில் விழுந்தாலும் அது விழித்துக்கொள்ளும். 2019இல் பல பெருநிறுவனங்களின் குரல் உதவியாளர்கள் பதிவு செய்த ஒலித்துண்டுகளை ஒப்பந்தப் பணியாளர்கள் கேட்டுத் தரம் பார்த்தனர் என்ற செய்தி வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. அழைக்காமலே சிரி விழித்துக்கொண்டு பதிவு செய்தது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், தவற்றை ஒப்புக்கொள்ளாமலே 9.5 கோடி அமெரிக்க டாலர் தர ஆப்பிள் இணங்கியது என்ற செய்தி 2025 ஜனவரியில் வந்தது.

வகுப்பறையில் முப்பது பிள்ளைகள் பேசுகிறார்கள். வீட்டுக் கதை, அப்பாவின் வேலை, அம்மாவின் உடல்நிலை எல்லாம் அங்கே வந்து விழும். அங்கே எப்பொழுதும் கேட்டுக்கொண்டிருக்கும் காது வேண்டாம் என்பதே என் கருத்து. விசை என்பது தாழ்ப்பாள் உள்ள கதவு. நாம் திறந்தால் திறக்கும். குரல் உதவியாளருக்குக் குறுக்குவிசை அமைப்பது வெறும் வசதிக்கான வேலையன்று. எப்பொழுது நம் பேச்சு கேட்கப்படலாம் என்று நாமே முடிவு செய்யும் வேலை.

தமிழ் விரல்களுக்கு ஒரு சொல்

கோர்ட்டானா தமிழில் ஒருபோதும் செவி கொடுத்ததில்லை. கூகிள் 2017 ஆகஸ்டில் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது. அதன் பேச்சறிதல் மொழிப்பட்டியலில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நான்கு நாட்டுத் தமிழும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. கூகிள் ஆவணத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குரல்வழித் தட்டச்சு தொடங்கும்.

ஆனால், குறுக்குவிசைகளின் நினைவுக்குறிப்பு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. நகலுக்கு ஏன் சி என்பது ஆங்கிலம் அறிந்தவனுக்கே விளங்கும். தமிழ்99 விசைப்பலகையில் தட்டெழுதும் என் மாணவனுக்கு அந்த இடத்தில் இருப்பது 'ஒ'. "சார், ஒ-வுக்கும் நகலுக்கும் என்ன தொடர்பு?" என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி! தமிழில் எழுதுவோர் மொழி மாற்றும் விசையோடும் போராடியவர்கள். என்.எச்.எம். ரைட்டரைப் பயன்படுத்தியவர்களுக்கு ஆல்ட்டோடு ஓர் எண்ணைத் தட்டி மொழி மாற்றிய பழக்கம் இன்னும் விரலில் இருக்கும். புதிதாக வரும் உதவியாளர் அந்த விசையைப் பறித்துக்கொண்டால், ஒரு பத்தி எழுதுவதற்குள் பத்து முறை தடுக்கி விழ நேரும்.

ஆகவே, குறுக்குவிசை அமைக்க விரும்புவோர்க்கு என் பட்டறிவிலிருந்து சில குறிப்புகள்:

1. மொழி மாற்றும் விசை எது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதை எந்த உதவியாளருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

2. விண்டோஸ் விசையோடு சேர்ந்தவை வீட்டுக்காரரின் அறையில் இருப்பவை. அவற்றை நம்பிப் பழகவேண்டா. விண்டோஸில் ஒரு செயலியின் குறுவழிச் சின்னத்தை மேசைத்திரையில் வைத்து, வலச்சொடுக்கிப் பண்புகளைத் திறந்தால், குறுக்குவிசைக்கென ஒரு கட்டம் இருக்கும். அதில் ஓர் எழுத்தைத் தட்டினால் கண்ட்ரோல், ஆல்ட் ஆகியவற்றோடு அவ்வெழுத்து சேர்ந்து உங்கள் விசையாகிவிடும். பழைய வசதிதான், ஆனால், தேர்ந்தெடுப்பவர் நீங்கள்.

3. மெக் கணினியில் அமைப்புகளுக்குள் சிரி பகுதியில் விசைப்பலகைக் குறுக்குவிசையை மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் 11இல் கோப்பைலட் விசைக்கும் வேறு வேலை தரலாம். தனிப்பயனாக்கப் பகுதியில் உரை உள்ளீடு என்பதன் கீழ் அது இருக்கும்.

4. பல விசைகளை ஒருசேர அழுத்த இயலாதவருக்கு 'ஒட்டு விசைகள்' என்ற வசதி உண்டு. விண்டோஸில் ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் அது எழும். பிறகு விசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினாலே போதும்.

5. பெரிய மேம்பாடு ஒன்று முடிந்ததும், வீட்டில் உள்ள முதியவரின் விசைகளை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

பார்வையற்றோருக்காகத் திரையைப் படித்துக்காட்டும் 'என்.வி.டி.ஏ.' என்ற மென்பொருள் உண்டு. 2006இல் அதைத் தொடங்கிய மைக்கேல் கரன் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர்; பார்வையற்றவர். அம்மென்பொருளில் கட்டளைகளின் பட்டியலைத் திறந்து, எந்தக் கட்டளைக்கு எந்த விசை என்பதைப் பயனரே மாற்றலாம். விசையின் அருமை, அதையே நம்பி வாழ்பவருக்குத்தான் தெரியும்.

அட்டையில் புதிய எழுத்து

அன்று அந்த ஆசிரியையின் கணினியில் இருந்த பழைய விசையை நான் திரும்பத் தேடவில்லை. "டீச்சர், இந்த முறை விசையை நீங்களே தேர்ந்தெடுங்கள்," என்றேன். அவர் விரல்களை விசைப்பலகையின் மேல் மெல்ல ஓடவிட்டார். நடு வரிசையில் ஓரிடத்தில் வலக்கைச் சுட்டுவிரல் நின்றது.

"இதுல சின்னதா ஒரு மேடு இருக்கு. கண்ணு தெரியலன்னாலும் விரலுக்குத் தெரியும். இது என்ன எழுத்து?"

ஆங்கிலத்தில் ஜே. பாராமல் தட்டெழுதுவோர் விரலை நிலைநிறுத்துவதற்காக எஃப் விசையிலும் ஜே விசையிலும் சிறு மேடு வைத்திருப்பார்கள். தமிழ்99இல் அந்த இடத்தில் இருப்பது 'ப' என்று சொன்னேன்.

அவர் சிரித்தார். "ப. பேச்சுக்குப் ப. இனி மறக்காது," என்றார்.

கண்ட்ரோல், ஆல்ட் ஆகியவற்றோடு அந்த ஜே-யைச் சேர்த்து அமைத்தேன். பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிய அட்டையில் 'ப' என்று எழுதி ஒட்டினேன். இரண்டாம் முயற்சியிலேயே உதவியாளர் குரல் கொடுத்தது. "அப்ப விரல் தப்பு இல்ல," என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

வகுப்பறையிலும் இப்பொழுது நான் குறுக்குவிசைகளை மனப்பாடம் செய்யச் சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. இந்த விசையை யார் வைத்தார், எங்கே மாற்றலாம் என்பதையும் சேர்த்தே கற்பிக்கிறேன். உங்கள் வீட்டிலும் கணினியைத் தொட்டுப் பார்த்தே பயன்படுத்தும் ஒரு முதியவர் இருக்கக்கூடும். அடுத்த முறை அவர் "என் விரல்தான் தவறு" என்று சொன்னால், உடனே நம்பிவிடாதீர்கள்.